எல்க் வேட்டை வில் செட்டப்: அறிகுறியை வச்சு கோளாறைக் கண்டுபிடிக்கறது எப்படி

அமெரிக்காவோட கொலராடோல எல்க்கை (பெரிய மான் இனம்) வில்லால வேட்டையாடற ஆர்ச்சரி சீசன் செப்டம்பர்ல. ஆகஸ்ட் பொறந்ததும் எல்லாருக்கும் ஒரே பதட்டம், நேத்து வரைக்கும் நல்லா போன அம்பு இன்னைக்கு அரை அடி தள்ளிப் போகும், உடனே "வில்லு சரியில்ல, புதுசு வாங்கிடறேன்"னு கெளம்பிடுவாங்க. நல்ல புது காம்பவுண்ட் வில் (முனையில கேம்ங்கற சக்கரம் வச்சது) இன்னைக்கு ஆயிரம் டாலருக்கு மேல போகுது, அதுவும் வெறும் வில்லு மட்டும், சைட் (குறி பாக்கறது), ரெஸ்ட் (அம்பைத் தாங்கறது), அம்பு எல்லாம் தனி. வாங்கறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சுடுங்க. நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி கோளாறு வில்லுல இருக்கறதில்ல, ஒண்ணு வில்லு ஆளுக்குப் பொருந்தல, இல்லன்னா அம்பு வில்லுக்குப் பொருந்தல, அவ்ளோதான்.

ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியால 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அங்க இதெல்லாம் நெனைச்சே பாக்கக் கூடாது. இது லைசென்ஸ் எடுத்து, டேக் (ஒரு மிருகத்துக்கான அனுமதிச் சீட்டு) வாங்கி, சீசன்ல மட்டும் வேட்டைக்குப் போற அமெரிக்க மாநிலங்களுக்கான விஷயம். கொலராடோல 1949 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க ஹன்டர் எஜுகேஷன் முடிச்சிருந்தாத்தான் லைசென்ஸே குடுப்பாங்க, அதையும் இங்க புதுசா வந்தவங்க நிறைய பேர் கடைசி வாரத்துலதான் தெரிஞ்சுக்கறாங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கண்டிஷன். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். ரெஸ்ட்டையும் நகத்தி, சைட்டையும் திருப்பி, பாயிண்டையும் (அம்பு முனை) மாத்திட்டு "இப்ப சரியாயிடுச்சு"ன்னா எது சரி பண்ணுச்சுன்னு உங்களுக்கே தெரியாது, அடுத்த வாரம் மறுபடி கெட்டுப் போனா எங்கேர்ந்து தொடங்குவீங்க? ஒரு சில்வர் மார்க்கர் வாங்கி ரெஸ்ட், சைட், லிம்ப் போல்ட் (வில்லோட வளையற கையைப் பிடிச்சிருக்கற போல்ட்), கேம் எல்லாத்துலயும் இப்ப இருக்கற இடத்துல கோடு போட்டு வச்சுக்கோங்க, போனுல போட்டோவும் எடுத்துக்கோங்க. அப்புறம் தைரியமா கை வைக்கலாம்.

"இழுக்கறப்போ வில்லை வானத்துக்குத் தூக்கறேன்"

ட்ரா வெயிட் (நாணை இழுக்கத் தேவைப்படற பலம்) உங்களுக்கு ஜாஸ்தி, வேற காரணம் தேட வேண்டாம். இதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. ஒரு நாற்காலில உக்காந்து, காலைத் தரையிலேர்ந்து தூக்கிக்கோங்க, சைட் பின்னை (சைட்ல இருக்கற குறிமுள்) குறிமேல வச்சபடியே வில்லை அசைக்காம நேரா பின்னாடி இழுங்க. முடியலன்னா இறக்கணும். ரேஞ்சுல டி-ஷர்ட் போட்டுக்கிட்டு நூறு அம்பு விட்டு உடம்பு சூடான அப்புறம் 70 பவுண்டு இழுக்கறது வேற, காலைல ஆறு மணிக்கு, பத்தாயிரம் அடி உயரத்துல, ரெண்டு மணி நேரம் அசையாம குந்தி உக்காந்து வெறைச்சுப் போன தோளோட இழுக்கறது வேற. எல்க் முப்பது யார்டுல நின்னு உங்க பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும், அந்த நேரத்துல வில்லை மேல தூக்கி ஆட்டினா அது அங்க நிக்குமா?

சரி, எவ்வளவுக்கு இறக்கறது? பெரும்பாலான வில்லு பத்து பவுண்டு ரேஞ்சுல வரும், 50லேர்ந்து 60, 60லேர்ந்து 70ன்னு. லிம்ப் போல்ட்டை ஒரு சுத்து தளர்த்தினா சுமார் ரெண்டு பவுண்டு குறையும், மேலயும் கீழயும் ஒரே அளவு சுத்தணும், மேனுவல்ல எத்தனை சுத்து வரைக்கும்னு போட்டிருப்பாங்க, அதைத் தாண்டினா லிம்ப் கழண்டு மூஞ்சிக்கு வரும். கொலராடோ சட்டம் கேக்கறது குறைஞ்சது 35 பவுண்டுதான், அலாஸ்கா மாநிலமோ மூஸ், எல்க் மாதிரி பெருசுக்கு 50 கேக்குது. சட்டத்துக்குப் போதும்ங்கறதும் வேலைக்குப் போதும்ங்கறதும் ஒண்ணு இல்ல, ஆனாலும் நல்லா ட்யூன் பண்ணின 55, 60 பவுண்டு வில்லு, சரியான அம்போட எல்க்குக்கு தாராளமா போதும். 70 இழுத்தாத்தான் ஆம்பளைங்கற பேச்செல்லாம் கார் பார்க்கிங்ல மட்டும்தான், காட்டுல யாரும் தராசு கொண்டு வரப் போறதில்ல.

"நாண் முன்கையில அடிக்குது, ஆங்கர் ஒவ்வொரு தடவையும் மாறுது"

ட்ரா லெங்த் (நாணை முழுசா இழுக்கற தூரம்) நீளமா இருக்கு, அதான் ஆங்கர், அதாவது இழுத்த கை முகத்துல வந்து நிக்கற இடம், மாறுது. முழுசா இழுத்து நிக்கறப்போ பக்கத்துலேர்ந்து யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்க. மேலுடம்பு பின்னாடி சாயுதா, நாண் மூக்கு நுனியில படாம கன்னத்துல அமுங்குதா, ரிலீஸ் (நாணை விடற கருவி) பிடிச்ச கை காதைத் தாண்டிப் போகுதா? மூணுல ரெண்டு ஆமான்னா அரை இன்ச்சாவது குறைங்க. சும்மா கணக்குக்கு, ரெண்டு கையையும் விரிச்சு நடுவிரல் நுனியிலேர்ந்து நுனி வரைக்கும் இன்ச்சுல அளந்து 2.5ஆல வகுத்தா வர்றதுதான் தொடக்கம். 68 இன்ச்னா 27 சொச்சம். நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு 27, 27½தான் வரும், ஆனா கடையில ஸ்டாக்ல இருக்கற வில்லு 29ல செட் பண்ணியிருக்கும், அதையே "இழுத்து இழுத்துப் பழகிடும் சார்"னு குடுத்து அனுப்பிடுவாங்க. கூட வர்ற நண்பர் ஒருத்தர் அப்படி வாங்கி ஒரு வருஷம் முழுக்க முன்கையில நீலம் பாஞ்சுதான் திரிஞ்சார், மாட்யூலை (கேம்ல ட்ரா லெங்த்தை மாத்தற துண்டு) திருப்பி 27½க்குக் கொண்டு வந்த அன்னைக்கே நாற்பது யார்டுல அவரோட குரூப் பாதியா சுருங்கிடுச்சு. வில்லு அதே வில்லுதான்.

குறைச்சா வேகம் போயிடுமேன்னு பயம் வரும். போகும்தான், ஒரு இன்ச்சுக்கு செகண்டுக்குப் பத்து அடி மாதிரி. கம்பெனி பெட்டியில போட்டிருக்கற 340ங்கற வேகம் 70 பவுண்டு, 30 இன்ச் ட்ரா, 350 கிரெயின் (அம்பை எடை போடற சின்ன அலகு) அம்புல எடுத்த நம்பர். உங்க கையில அந்த மூணுமே கிடையாது, அதனால அந்த நம்பரை மறந்துடுங்க.

பீப் (நாண்ல இருக்கற, கண் வச்சுப் பாக்கற ஓட்டை) சுத்திக்கிட்டு கண்ணுக்கு நேரா வரலன்னா அது வேற கேஸ். புது நாண்னா ஒரு நூறு, இருநூறு அம்பு போகட்டும், அப்புறமும் சுத்தினா வில் பிரஸ்ல (வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தற கருவி) போட்டு நாணுக்கு அரை முறுக்கு குடுக்கணும். வீட்டுல பிரஸ் இல்லாம முயற்சி பண்ணாதீங்க.

"ஃபீல்டு பாயிண்ட் குறியில போகுது, ப்ராட்ஹெட் வேற எங்கயோ போகுது"

ஃபீல்டு பாயிண்ட்ங்கறது ப்ராக்டீஸுக்கான வெறும் கூர்முனை, ப்ராட்ஹெட்ங்கறது பிளேடு வச்ச வேட்டை முனை. ரெண்டும் வேற வேற இடத்துல போறதுதான் சீசனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வர்ற பெரிய தலைவலி, இதுக்குத்தான் அதிகமா வில்லை விக்கறாங்க. ஏன் ஆகுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி சரியாயிடும். ப்ராட்ஹெட்டோட பிளேடு ஒரு சின்ன இறக்கை. அம்பு வில்லை விட்டு வர்றப்போ கொஞ்சம் கோணலா வந்தா, பின்னாடி வேன் (அம்பு வால்ல ஒட்டின இறகு) நேராக்கறதுக்குள்ள முன்னாடி பிளேடு காத்தைப் பிடிச்சு தன் வழிக்குத் திருப்பிடும். ஃபீல்டு பாயிண்ட்ல இறக்கை இல்ல, அதனால கோணல் இருந்தும் மறைஞ்சு போகும். ஆக ப்ராட்ஹெட் புதுசா எந்தக் கோளாறையும் கொண்டு வரல, ஏற்கனவே இருந்ததை வெளிய காட்டிக் குடுக்குது.

வரிசையாப் பாக்கணும், வரிசை மாறினா நாள் வீணாப் போகும்.

முதல்ல ஸ்பின் டெஸ்ட். மேசை மேல ப்ராட்ஹெட் நுனியை ஊன்றி அம்பை நெட்டா நிறுத்தி பம்பரம் சுத்தற மாதிரி ஒரு சுண்டு. ப்ராட்ஹெட்டும் ஷாஃப்ட்டும் (அம்போட தண்டு) சேர்ற இடத்தையே உத்துப் பாருங்க. அந்த இணைப்பு ஒரே இடத்துல நின்னு சுத்தினா நல்லது, மங்கலா ரெண்டு கோடு தெரியற மாதிரி ஆடினா இன்செர்ட் (முனையைத் திருகற உள்துண்டு) கோணலா ஒட்டியிருக்கு, இல்லன்னா ஷாஃப்ட் முனை சதுரமா வெட்டல. ஹெட்டை அதே டஜன்ல இருக்கற வேற அம்புக்கு மாத்திப் பாருங்க, ஆட்டம் அம்போட போகுதா ஹெட்டோட போகுதான்னு தெரிஞ்சிடும். உள்ளங்கையில வச்சு சுத்திப் பாக்கறது ஃபீல்டு பாயிண்டுக்கு மட்டும், ப்ராட்ஹெட்ட அப்படி வச்சா நேரா எமர்ஜென்சிதான். ஒரு டஜன்ல ரெண்டு மூணு ஆடத்தான் செய்யும், அதை ஒதுக்கி ப்ராக்டீஸுக்குன்னு வச்சுக்கோங்க.

ரெண்டாவது ஸ்பைன். அம்போட விறைப்பு. 28 இன்ச் இடைவெளியில ஷாஃப்ட்டைத் தாங்கி நடுவுல 880 கிராம் தொங்கவிட்டா எவ்வளவு வளையுதோ அதுதான் நம்பர், 0.340 இன்ச் வளைஞ்சா 340 ஸ்பைன், 0.400 வளைஞ்சா 400. நம்பர் பெருசானா அம்பு தளதளன்னு இருக்குன்னு அர்த்தம், இதைத் தலைகீழா எடுத்துக்கறவங்க நிறைய. இதுல மாட்டிக்கற இடம் என்னன்னா, எல்க்குக்குப் போறோமேன்னு 100 கிரெயின் ஹெட்டை எடுத்துட்டு 150 போடுவாங்க, முன்னாடி கனம் ஏறினா அதே அம்பு தளர்ந்த மாதிரி நடந்துக்கும், ட்ரா வெயிட்டை ஏத்தினாலும் அப்படித்தான். நீளத்தைக் குறைச்சா விறைப்பாகும். கம்பெனி சார்ட்ல உங்க ட்ரா வெயிட், அம்பு நீளம், பாயிண்ட் எடை மூணையும் போட்டுப் பாருங்க, ரெண்டு கட்டத்துக்கு நடுவுல வந்தா வேட்டைக்கு விறைப்பானதையே எடுங்க.

மூணாவது வேன் எங்கயாவது இடிக்குதா. வேன் மேல காலுக்குப் போடற பவுடர் ஸ்ப்ரே அடிச்சு ஒரு அம்பு விடுங்க, ரெஸ்ட்லயோ கேபிள்லயோ வெள்ளையா தடம் விழுந்திருந்தா இடிக்குது. பவுடர் இல்லன்னா லிப்ஸ்டிக் தடவலாம், யாரோடதுன்னு முன்னாடியே கேட்டுடுங்க. ட்ராப்-அவே ரெஸ்ட்னா (அம்பு விட்டதும் கீழ விழற வகை) கீழ விழற நேரம் தப்பியிருக்கும், அதோட கயிறு கட்டின இடத்தைக் கொஞ்சம் மாத்தணும்.

இதெல்லாம் சரின்னா இப்ப பேப்பர். ஆறடி தள்ளி ஒரு பிரேம்ல பேப்பரை விரிச்சு, அதுக்குப் பின்னாடி டார்கெட் வச்சு ஃபீல்டு பாயிண்டோட விடுங்க. ஒரு வட்டமும் மூணு வேன் கீத்தும் ஒண்ணா விழுந்தா ஓகே. வாலு மேல கிழிஞ்சிருந்தா ரெஸ்ட்டை ஏத்துங்க இல்ல நாக்கிங் பாயிண்டை (நாண்ல அம்பு மாட்டற இடம்) இறக்குங்க, வாலு கீழ கிழிஞ்சா எதிர்மாறு. பக்கவாட்டுல கிழிஞ்சா மொதல்ல பிடியைப் பாருங்க, வில்லை இறுக்கிப் பிடிச்சு முறுக்கற ஆளுக்கு எந்த ரெஸ்ட்டும் உதவாது. கை லூசா விட்டும் கிழிஞ்சா ரெஸ்ட்டை ஒரு பக்கமா 1/32 இன்ச் நகத்திப் பாருங்க, மோசமானா அடுத்த பக்கம். அதுக்கும் அடங்கலன்னா கேம் சாஞ்சிருக்கு இல்ல மேல கீழ கேம் டைமிங் ஒத்துப் போகல, அது பிரஸ் வேலை, கடைக்குக் குடுத்துடுங்க, அதுல காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பேப்பர் சரியா வந்தும் ப்ராட்ஹெட் கொஞ்சம் தள்ளிப் போகலாம். அதுக்கு வழி சுலபம். முப்பது யார்டுல ஃபீல்டு பாயிண்ட் மூணு, ப்ராட்ஹெட் மூணு விடுங்க. ப்ராட்ஹெட் குரூப்லேர்ந்து ஃபீல்டு பாயிண்ட் குரூப் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் ரெஸ்ட்டை நகத்துங்க. ப்ராட்ஹெட் இடது பக்கம் போகுதா, ரெஸ்ட்டை வலது பக்கம். கீழ போகுதா, ரெஸ்ட்டை மேல. கண்ணுக்கே தெரியாத அளவுதான் நகத்தணும், நகத்திட்டு மறுபடி மூணு மூணு. ரெண்டு குரூப்பும் ஒண்ணா சேர்ற வரைக்கும் சைட்டைத் தொடாதீங்க, சேர்ந்த அப்புறம்தான் சைட்டை நகத்தி குறிக்குக் கொண்டு வரணும். இதை மாத்திச் செஞ்சு ப்ராட்ஹெட்டுக்கு ஒரு சைட் ஃபீல்டு பாயிண்டுக்கு ஒரு சைட்டுன்னு வச்சுக்கறவங்களும் இருக்காங்க, அந்தக் கோணல் அம்பு எலும்புல படறப்போ என்ன ஆகும்னு அடுத்ததுல வருது.

சரி, மெக்கானிக்கல் ஹெட் போட்டா இந்தத் தொல்லையே இல்லையேன்னு கேப்பீங்க. பிளேடு மூடிக்கிட்டுப் போறதால ஃபீல்டு பாயிண்ட் மாதிரியே பறக்கும், உண்மைதான். ஆனா மிருகத்து மேல பட்டு திறக்கறதுக்கு அம்போட சக்தியில ஒரு பங்கைத் தின்னுடும், அதோட வாய் அகலம்னா இழுவையும் ஜாஸ்தி. 65, 70 பவுண்டுல ஒயிட்டெயில் மானுக்குப் போறவங்க தாராளமா போடட்டும். 50, 55ல எல்க்குக்குப் போறீங்கன்னா ரெண்டு இல்ல மூணு பிளேடு ஃபிக்ஸ்டுதான் என் ஓட்டு. சில மாநிலம் மெக்கானிக்கல்ல கெடுபிடி வச்சிருந்திருக்கு, வருஷா வருஷம் மாத்தறாங்க, அந்த வருஷத்து ரெகுலேஷன் புக்கைப் பாத்துடுங்க. கொலராடோல ஹெட் குறைஞ்சது 7/8 இன்ச் அகலம், ரெண்டு ஸ்டீல் வெட்டு விளிம்பாவது இருக்கணும்.

"அம்பு பட்டுச்சு, ஆனா மறுபக்கம் வரல"

போன சீசன்ல இது நடந்தவங்க இதைப் பொறுமையா படிங்க. வில்வேட்டையில மிருகம் சாகறது அதிர்ச்சியில இல்ல, ரத்தம் போய்த்தான். ரெண்டு ஓட்டை இருந்தா, அதுவும் கீழ்ப்பக்கம் ஒண்ணு இருந்தா, தடம் பிடிச்சுப் போகலாம். மரமேடையிலேர்ந்து மேல பட்டு உள்ளேயே நின்னுட்டா ரத்தம் உடம்புக்குள்ளயே தங்கிடும், நூறு யார்டுல விழுந்து கிடக்கறதைக்கூட கண்டுபிடிக்க முடியாம தவிக்கணும். பெரிய ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல இருக்கும், ஒயிட்டெயிலுக்கு வச்ச அதே லேசான அம்பை வச்சுக்கிட்டுப் போனா இந்தக் கதைதான்.

கணக்கு போட்டே பாத்துடலாம். அம்போட எடையை கிரெயின்ல எடுத்து, வேகத்தை செகண்டுக்கு இத்தனை அடின்னு எடுத்து, எடை பெருக்கல் வேகம் பெருக்கல் வேகம், அதை 450240ஆல வகுத்தா ஃபுட்-பவுண்டுல சக்தி வரும். 350 கிரெயின் அம்பு 300 வேகத்துல போனா 70. அதே வில்லுல 500 கிரெயின் போட்டா வேகம் 255 மாதிரி இறங்கும், சக்தி 72. பெருசா வித்தியாசம் இல்லையேன்னு தோணும். ஆனா எலும்பையும் தோலையும் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு உந்தம்தான் பேசும், எடை பெருக்கல் வேகத்தை 225400ஆல வகுங்க, முதல் அம்புக்கு 0.47, ரெண்டாவதுக்கு 0.57. அதே கை, அதே வில், அம்பை மட்டும் மாத்தினதுல அஞ்சுல ஒரு பங்கு ஜாஸ்தி. ஈஸ்டன் கம்பெனியோட சார்ட் மானுக்கு 25லேர்ந்து 41 ஃபுட்-பவுண்டு, எல்க், கரடி மாதிரிக்கு 42லேர்ந்து 65ன்னு போடுது, அந்த 42ஐ இன்னைக்கு இருக்கற பெரும்பாலான வில்லு தாண்டிடும், அதனாலயே அதை மட்டும் பாத்துட்டு திருப்தி ஆயிடக் கூடாதுன்னு சொல்றேன்.

இதோட அடுத்த கோடிக்குப் போனவர் டாக்டர் எட் ஆஷ்பி. தென்னாப்பிரிக்காவுல பெரிய மிருகங்கள் மேல அம்பு எப்படி இறங்குதுன்னு வருஷக்கணக்கா சோதிச்சு, கனமான எலும்பைத் தாண்டணும்னா 650 கிரெயினுக்கு மேல வேணும்னு சொன்னவர். அவர் சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா 28 இன்ச் ட்ரா, 60 பவுண்டு ஆளு 650 போட்டா அம்பு தேங்காய் விழற மாதிரி வளைஞ்சு விழும், தூரத்தை நாலு யார்டு தப்பா கணிச்சாலே அடிவயித்துல போகும். எல்க்குக்கு 425லேர்ந்து 525க்குள்ள வச்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் சமாளிக்கலாம்ங்கறது என் அபிப்பிராயம். எதுக்கும் கீழ் எல்லை ஒண்ணு இருக்கு, ட்ரா வெயிட்டுல ஒவ்வொரு பவுண்டுக்கும் அஞ்சு கிரெயினுக்குக் குறையக் கூடாது, குறைஞ்சா வெறும் நாணை விட்ட மாதிரி வில்லு மேலயே அடி விழும், வாரன்டியும் போயிடும்.

எடையை எங்க ஏத்தறது? முன்னாடிதான். பித்தளை இன்செர்ட் போடலாம், 125 கிரெயின் ஹெட் போடலாம், ஸ்பைனையும் சேத்துப் பாத்துக்கோங்க. முன்கனம் எவ்வளவுன்னு பாக்க, நாக் (நாண்ல மாட்டற வால் முனை) பள்ளத்துலேர்ந்து ஷாஃப்ட் முடியற வரைக்கும் நீளம், அம்பை விரல் மேல வச்சா சாயாம நிக்கற இடம் ரெண்டையும் அளந்து, நிக்கற இடத்துலேர்ந்து பாதி நீளத்தைக் கழிச்சு முழு நீளத்தால வகுங்க. 28.5 இன்ச் அம்பு 17.8ல நின்னா 12.5 சதவீதம். 10லேர்ந்து 15க்குள்ள இருந்தா நல்லது.

அப்புறம் பிளேடு. ப்ராக்டீஸ் டார்கெட்ல விட்ட ஹெட்டை அப்படியே குவிவர்ல (அம்புக் கூடு) சொருகிக்கிட்டு காட்டுக்கு வர்ற ஆளுங்களை நான் இன்னும் பாக்கறேன். ஃபோம்ல ஒரு தடவை போனாலே முனை மழுங்கிடும். ரப்பர் பேண்டை ரெண்டு விரல்ல இழுத்துப் பிடிச்சு பிளேடை மெதுவா மேல வைங்க, அழுத்தாமலே அறுந்தா கூர்மை, பிளேடு வழுக்கிக்கிட்டுப் போனா மாத்துங்க. முன்ன சொன்ன கோணல் அம்பும் இங்கதான் கணக்குக்கு வருது, நேரா போய் இறங்கற அம்பு முழு எடையையும் நுனிக்குப் பின்னாடி வச்சுத் தள்ளும், வாலாட்டிக்கிட்டு வர்ற அம்பு பக்கவாட்டுல உதறியே சக்தியைத் தொலைச்சுடும். ட்யூன் பண்ணாத கனமான அம்பைவிட ட்யூன் பண்ணின நடுத்தர அம்பு ஆழமா போகும்.

இவ்வளவும் சரியா இருந்தும் நின்னுட்டா, நீங்க விட்ட கோணத்தைப் பாருங்க. மிருகம் உங்களை நோக்கி நின்னு தோள் எலும்பு முன்னாடி இருக்கறப்போ விடாதீங்க. முழுப் பக்கவாட்டா, இல்ல கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்பி நிக்கணும். அதுக்கு எந்தக் கடையிலயும் பார்ட்ஸ் கிடைக்காது.

"அம்பு போறதுக்குள்ள மான் குனிஞ்சிடுது"

இது பெரும்பாலும் ஒயிட்டெயில் கம்ப்ளெய்ன்ட், எல்க் இவ்வளவு உதறாது. உடனே வேகமான வில்லு வாங்கப் போகாதீங்க, கணக்கைப் பாருங்க. முப்பது யார்டுன்னா 90 அடி. சத்தம் செகண்டுக்கு 1100 அடி போகும், 0.08 செகண்டுல மான் காதுக்குப் போயிடும். 270 வேக அம்பு போய்ச் சேர 0.33 செகண்டு. கால் செகண்டு மானுக்கு மிச்சம். 300 வேகம்னா 0.30, கூட நீங்க மிச்சம் பிடிச்சது செகண்டுல நூத்துல மூணு பங்கு. ஓடறதுக்கு முன்னாடி காலை மடக்கறப்போ உடம்பு அஞ்சாறு இன்ச் கீழ இறங்கும், அதனாலதான் அம்பு முதுகுக்கு மேல போகுது.

அப்ப சத்தத்தைத்தான் குறைக்கணும். கனமான அம்பு போட்டா வில்லு தானாவே அமைதியாகும், ஏன்னா மிச்ச சக்தி அதிர்வா போகாம அம்போட போகுது. ரெஸ்ட்டோட கை, ரைசர் ஷெல்ஃப் (பிடிக்கு மேல இருக்கற தட்டு) எல்லாத்துலயும் ஃபெல்ட் ஒட்டுங்க, அம்பு உரசற கிரீச் சத்தம் ராத்திரி அமைதியில எவ்வளவு தூரம் கேக்கும்னு ஒரு தடவை வீட்டுக்குப் பின்னாடி நின்னு கேட்டுப் பாருங்க. குவிவர் ஸ்க்ரூ, சைட் ஸ்க்ரூ லூசா இருக்கும், கையால வில்லைத் தட்டினா எது கடகடன்னு ஆடுதுன்னு தெரியும். ஸ்ட்ரிங் ஸ்டாப் (நாண் அதிர்வை நிறுத்தற ரப்பர்) நாணைத் தொட்டும் தொடாம இருக்கணும். அதோட, தலையைத் தூக்கி காதை உங்க பக்கம் திருப்பி விறைப்பா நிக்கற மான் மேல இருபது யார்டுக்கு மேல விடவே விடாதீங்க.

விட்டதும் "டிக்"னு புதுசா ஒரு சத்தம் கேட்டா அத்தோட நிறுத்துங்க. கார்பன் அம்பு விரிசல் விட்டிருக்கலாம். ரெண்டு முனையையும் பிடிச்சு லேசா வளைச்சு, சுத்திச் சுத்தி வளைச்சு, காதுகிட்ட வச்சுக் கேளுங்க. சந்தேகம் வந்தா ஒடிச்சுக் குப்பையில போடுங்க, விரிசல் விட்ட அம்பு விடறப்போ வெடிச்சு பிடிச்சிருக்கற கையில ஏறினவங்க இருக்காங்க.

"விடிகாலைல சைட் பின்னே தெரியல"

கொலராடோல சூரியன் உதிக்கறதுக்கு அரை மணி முன்னாடியிலேர்ந்து மறைஞ்சு அரை மணி வரைக்கும் விடலாம், பெரும்பாலும் மிருகம் நடமாடறதும் அந்த நேரம்தான். டார்கெட் ஆளுங்க பாத்துட்டு 1/8 பீப் போட்டிருப்பீங்க, 3/16 இல்ல 1/4க்கு மாத்துங்க. பீப் வட்டமும் சைட் ஹவுசிங் (பின்னைச் சுத்தி இருக்கற வளையம்) வட்டமும் கண்ணுல ஒண்ணா பொருந்தணும், ஹவுசிங் சின்னதா இருந்தா அதையும் மாத்த வேண்டி வரும். பின்னுக்கு லைட் போடறது சில மாநிலத்துல கூடாது, வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. பின் தெரியுது ஆனா மிருகத்து உடம்புல எங்க வைக்கறதுன்னு தெரியலன்னா அது வெளிச்சம் பத்தாத நேரம், சட்டம் அனுமதிச்சாலும் வில்லை இறக்கிடுங்க.

"ரேஞ்சுல சரி, மலைச் சரிவுல மேல போகுது"

கீழ் நோக்கியோ மேல் நோக்கியோ விடறப்போ சாய்ஞ்ச தூரத்துக்கு சைட் பின்னை வைக்கக் கூடாது, கிடை தூரத்துக்கு வைக்கணும். 30 டிகிரி சரிவுல ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கற கருவி) 40 யார்டு காட்டினா விட வேண்டியது 35க்கு. கோணத்தைத் தானே கழிச்சுக் காட்டற ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கறதுக்கு வில்லுல செலவழிக்கற காசுல கொஞ்சம் ஒதுக்குங்க, எல்க் மலைக்கு அது கட்டாயம். இருபதடி மரமேடையிலேர்ந்து இருபது யார்டுக்கு விடறவங்களுக்கு இந்த வித்தியாசம் ஒரு யார்டு வந்தாலே பெருசு, அவங்க கவலைப்பட வேண்டாம்.

இதைச் சரி பண்ணியும் பக்கவாட்டுல தள்ளிப் போனா சைட்டோட மூணாவது ஆக்சிஸ் (மேல கீழ சாய்ச்சாலும் சைட்டை மட்டமா வைக்கற அமைப்பு) கோணல். சமதரையில சைட் லெவலோட குமிழி நடுவுல நிக்கும், கீழ் நோக்கிச் சாய்ச்சதும் ஓடிப் போகும், அதை நம்பி நீங்க வில்லையே சாய்ச்சுடுவீங்க. வீட்டுல கதவு நிலையை ஸ்பிரிட் லெவல் வச்சு நேரா இருக்கான்னு பாத்துட்டு, வில்லோட சைட்டை அதுக்கு இணையா வச்சு மேலயும் கீழயும் சாய்ச்சுப் பாத்தா குமிழி எங்க ஓடுதுன்னு தெரியும், சைட்ல அதுக்குன்னு இருக்கற சின்ன ஸ்க்ரூவைத் திருப்பினா நிக்கும். அப்புறம் உடம்பை இடுப்புல மடக்குங்க, கையை மட்டும் இறக்கினா ஆங்கர் மாறிடும்.

ஹூஸ்டன், நியூ ஜெர்சி மாதிரி கடல் மட்டத்துலேர்ந்து வர்றவங்க இன்னொண்ணு செய்யணும். மேல காத்து மெலிசு, தூரத்துப் பின் எல்லாம் கொஞ்சம் உயரமா அடிக்கும், விமானத்துலயோ டிரக்லயோ வில்லு இடிபட்டு வந்திருக்கும். கேம்ப் போட்ட அன்னைக்கு சாயங்காலம் ஒரு சின்ன ஃபோம் டார்கெட் வச்சு 20, 40, 50 யார்டுல வேட்டைக்கு எடுத்துட்டுப் போற அதே ஹெட்டோட விட்டுப் பாருங்க, போட்டு வச்ச சில்வர் கோடெல்லாம் அதே இடத்துல இருக்கான்னும் பாத்துடுங்க, விட்ட ஹெட்டுக்கு பிளேடு மாத்திட்டுப் படுங்க.